நந்தியாவட்டையும் செங்காந்தளும்: மெழுகுத் தடுப்பில் இதழ்கள் தட்டையாகத் தெரிவது ஏன்?

மலர்வரைஞர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீர்வண்ணத்தில் பூக்களை வரைந்து வருகிறேன். அண்மையில் மெழுகுத் தடுப்பு முறையைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். காகிதத்தில் முதலில் வெள்ளைக் கிரேயானாலோ மெழுகுவத்தித் துண்டாலோ வரைந்துவிட்டு அதன்மேல் வண்ணத்தைப் பூசினால், மெழுகு பட்ட இடம் மட்டும் வண்ணத்தை ஏற்காமல் வெளுப்பாக நிற்கும் அந்த முறையைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு வாசலில் நந்தியாவட்டை அடர்ந்து பூக்கிறது. வெள்ளைப் பூவுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும் என்று எண்ணி, ஐந்து இதழ்களையும் வெள்ளைக் கிரேயானால் முழுவதும் நிரப்பி, பின்னணியில் கரும்பச்சையைப் பூசினேன். பூ வெள்ளையாகவே நிற்கிறது. ஆனால் இதழ்களில் மேடு பள்ளம் எதுவும் தெரியவில்லை. எந்த இதழ் எதன்மேல் படிந்திருக்கிறது என்பதும் விளங்கவில்லை. இதழ்களின் ஓரக்கோடு ஆங்காங்கே அறுபட்டிருக்கிறது. வெள்ளைப் பரப்பில் பச்சைப் புள்ளிகள் சிதறிக் காய்ந்துவிட்டன. நான் பயன்படுத்துவது 300 ஜிஎஸ்எம் கோல்டு பிரெஸ் காகிதமும், மாணவர்களுக்கான டியூப் வண்ணங்களும்.

அடுத்ததாகச் செங்காந்தளை வரைய விரும்புகிறேன். அதன் சிவந்த இதழ்களுக்கு மஞ்சள் நிறத்தில் நெளிந்த ஓரம் இருக்கிறது. மெழுகு வெள்ளையைக் காப்பதற்கு மட்டும்தான் பயன்படுமா, அந்த மஞ்சளையும் அதனால் காக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

நீர்த்தூரிகை

வணக்கம் அம்மா. உங்கள் கேள்விகளில் முதலாவதுதான் முதன்மையானது என்று நினைக்கிறேன். பூ தட்டையாகத் தெரிவதற்குக் காரணம் கிரேயானும் அல்ல, காகிதமும் அல்ல. இதழ் முழுவதையும் ஒரே வெள்ளையாகக் காத்துவிட்டதுதான் காரணம்.

காலை வெயிலில் உங்கள் வாசலில் இருக்கும் நந்தியாவட்டையைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். ஐந்து இதழ்களும் ஒரே திசையில் முறுகிச் சுழல்வதால், ஒவ்வொரு இதழிலும் ஒரு பகுதி வெயிலை நேராக வாங்கும், மற்றப் பகுதி அதிலிருந்து விலகித் திரும்பியிருக்கும். வெயில் நேராகப் படும் இடம் மட்டும்தான் காகிதத்தின் வெள்ளை. விலகித் திரும்பிய பகுதியில் வானத்தின் மங்கிய நீலமும், கீழே இருக்கும் இலைகளிலிருந்து ஏறும் மெல்லிய பச்சையும் கலந்து கிடக்கும். நடுவில் குழல் தொடங்கும் இடத்தில் வெளிர்மஞ்சள் தெரியும். வெள்ளைப் பூ என்று நாம் சொல்லும் பொருளில் உண்மையான வெள்ளை மிகக் குறைவாகவே இருக்கிறது. ஆகவே மெழுகைப் பூவின் வடிவத்தை நிரப்பும் பொருளாகக் கருதாமல், ஒளி விழும் இடத்தைக் குறிக்கும் பொருளாகக் கருதுங்கள். எனக்கு இந்த முறையில் உள்ள ஈடுபாடே இதனால் வந்ததுதான்: வண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே ஒளி எங்கே இருக்கிறது என்று முடிவு செய்யும்படி மெழுகு நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. பிறகு அந்த முடிவை மாற்ற முடியாது.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய படங்கள் பூக்களைப் பற்றியவை அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1940, 1941 ஆம் ஆண்டுகளில், குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டனின் சுரங்க ரயில் நிலையங்களில் இரவைக் கழித்த மக்களைச் சிற்பி ஹென்றி மூர் வரைந்தார். மெழுகுக் கிரேயானால் உடல்களின் மேடுகளையும் போர்வையின் மடிப்புகளையும் இழுத்துவிட்டு, அதன்மேல் இருண்ட நீர்வண்ணத்தைப் பூசினார். உருவத்தின் உடல் முழுவதையும் அவர் மெழுகால் மூடவில்லை. ஒளி தொடும் முகடுகளை மட்டும் மூடினார். அதனால்தான் அந்த உருவங்கள் காகிதத்தில் திரண்டு நிற்கின்றன. உங்கள் நந்தியாவட்டைக்கும் அதே கணக்குத்தான்.

செய்முறை இதுதான். பென்சிலால் மிக மெல்லிதாகப் பூவை வரைந்துகொள்ளுங்கள். மெழுகுக்கு அடியில் சிக்கும் பென்சில் கோட்டைப் பிறகு அழிக்க முடியாது என்பதால், மெழுகு படப்போகும் இடங்களில் கோட்டை ரப்பரால் ஒற்றி மங்கலாக்கிவிடுங்கள். வெயில் நேராக விழும் பகுதிகளில் மட்டும் மெழுகைத் தேயுங்கள். பிறகு அல்ட்ராமரைன் நீலத்தில் சிறிது சிவப்பும் மஞ்சளும் சேர்த்து, மிகவும் நீர்த்த சாம்பல் நிறத்தை இதழ் முழுவதும் ஓட விடுங்கள். மெழுகுப் பகுதி வெள்ளையாக நிற்கும், மற்ற இடம் நிழலாகும். அது நன்றாகக் காய்ந்த பிறகு, நிழல் பகுதிகளின் மேலும் நிறமற்ற மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டுப் பின்னணிக் கரும்பச்சையைப் பூசுங்கள். இந்த இரண்டாவது தேய்ப்புக்கு வெள்ளைக் கிரேயான் பொருந்தாது. கிரேயானில் வெள்ளை நிறமி கலந்திருப்பதால் நிழலின்மேல் பால் படிந்ததுபோன்ற மங்கலைத் தரும். மெழுகுவத்தியின் பாரஃபின் மெழுகு நிறமற்றது. அடியில் இருக்கும் நிறம் அப்படியே தெரியும்.

ஓரக்கோடு அறுபடுவது காகிதத்தின் இயல்பால் நிகழ்வது. கோல்டு பிரெஸ் காகிதம் சொரசொரப்பானது. மெழுகு அதன் மேடுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டு பள்ளங்களைத் தொடாமல் தாண்டிவிடும். பிறகு வண்ணம் அந்தப் பள்ளங்களில் இறங்கிவிடும். கோடு முழுமையாக வேண்டுமென்றால் வழவழப்பான ஹாட் பிரெஸ் காகிதத்துக்கு மாறுங்கள், இல்லையென்றால் ஒரே இடத்தில் இரண்டு திசைகளில் அழுத்தித் தேயுங்கள். பிறந்தநாள் கேக்கில் செருகும் ஒல்லியான மெழுகுவத்தியைப் பிளேடால் உளி முனைபோலச் சீவிக்கொண்டால் இதழின் ஓரத்துக்கு நன்றாகப் பொருந்தும். நம் ஊர் வெயிலில் கிரேயானும் மெழுகுவத்தியும் இளகி முனை மழுங்கும். வரைவதற்குச் சற்று முன்பு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் முனை நிற்கும். மெழுகு எங்கே பட்டிருக்கிறது என்பது வெள்ளைக் காகிதத்தில் தெரியாது. பலகையைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்த்தால் அதன் மினுமினுப்புத் தெரியும்.

பச்சைப் புள்ளிகளைத் தவிர்ப்பது எளிது. மெழுகின்மேல் வண்ணம் பரவாமல் துளிகளாகத் திரண்டு நிற்கும். அவற்றை அப்படியே காயவிட்டால்தான் புள்ளிகள் விழுகின்றன. ஈரம் காய்வதற்குள் டிஷ்யூ தாளின் முனையைத் துளியின்மேல் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள், தேய்க்க வேண்டாம். வண்ணத்தில் நீர் குறைவாக இருந்தாலும் அது மெழுகைப் பற்றிக்கொள்ளும். அதனால் போஸ்டர் வண்ணம் இந்த முறைக்கு உதவாது. தூரிகையைச் சோப்பால் கழுவியிருந்தால் சோப்பு முழுவதும் போகும்வரை அலசிவிடுங்கள். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, துளியாகத் திரள வேண்டிய வண்ணத்தை மெழுகின்மேல் பரப்பிவிடும்.

---

செம்பருத்தி

நீர்த்தூரிகை ஐயாவின் விளக்கம் அருமை. ஆயினும் வெள்ளைப் பூ என்றால் மெழுகைவிட மாஸ்கிங் ஃப்ளூயிட் நல்லது என்பது என் கருத்து. அது இயற்கை ரப்பர்ப் பாலால் ஆனது. தூரிகையால் பூசிக் காயவைத்து, வண்ணம் பூசி முடித்த பிறகு விரலால் தேய்த்து உரித்துவிடலாம். உரித்த இடத்தில் தூய காகிதம் மீண்டும் கிடைக்கும். அதில் நிழலையும் நரம்பையும் நிதானமாக வரையலாம். மெழுகு ஒருமுறை படிந்தால் அந்த இடம் நீர்வண்ணத்துக்கு என்றைக்கும் மூடிய கதவுதான். பூச்சு தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும் என்பது கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவருக்குப் பெரிய சுமை இல்லையா?

மாஸ்கிங் ஃப்ளூயிடைப் பயன்படுத்தினால் மலர்வரைஞர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தூரிகையை முதலில் சோப்பு நுரையில் தோய்த்துக்கொண்டால் அது மயிர்களில் ஒட்டாது; விலை உயர்ந்த தூரிகையை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. ஹேர் டிரையரால் சூடேற்றிக் காயவைக்கவும் கூடாது. வெப்பத்தில் அது காகிதத்தோடு இறுகி, உரிக்கும்போது காகிதத்தின் மேற்பரப்பையும் பிய்த்துக்கொண்டு வரும். நாள்கணக்கில் காகிதத்தில் விட்டுவைத்தாலும் இதே தொல்லைதான்.

---

நீர்த்தூரிகை

செம்பருத்தி அவர்களே, கூர்மையான ஓரம் வேண்டிய இடத்தில், குறிப்பாகப் பூவின் நடுவில் தெரியும் மகரந்தத் தாள்கள் போன்ற மெல்லிய பகுதிகளுக்கு, நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மாஸ்கிங் ஃப்ளூயிட் தரும் ஓரம் எங்கும் ஒரே அளவுக் கூர்மையுடன் இருக்கும். உரித்த பிறகு அதை நனைத்து மென்மையாக்க வேண்டியிருக்கும். மெழுகு காகிதத்தின் மேடுகளைப் பிடித்துப் பள்ளங்களை விடுவதால், ஒளியிலிருந்து நிழலுக்குப் போகும் இடம் தானாகவே பொடிப்பொடியாகச் சிதறி இளகும். இதழின் வளைவில் ஒளி மங்கும் இடத்துக்கு அந்தச் சிதறல்தான் வேண்டும். முன்கூட்டியே முடிவு செய்வது சுமை என்கிறீர்கள். நீர்வண்ணத்தில் வெள்ளையை விட்டு வைப்பது எப்போதுமே முன்கூட்டிய முடிவுதான், மெழுகு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தப் பழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிடுவது நல்லது என்றே நான் கருதுகிறேன்.

---

கிழக்குக்கடற்கரை

மலர்வரைஞருக்கு வணக்கம். செங்காந்தளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை, முடியும் என்பதே. சொல்லப்போனால் மெழுகின் முழு ஆற்றலும் அங்கேதான் வெளிப்படுகிறது. மெழுகு வெள்ளையை மட்டும் காப்பதில்லை. பூசும் நேரத்தில் அடியில் எந்த நிறம் இருக்கிறதோ அதைக் காக்கிறது.

இது துணியில் நெடுங்காலமாக நடந்துவருவது. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குச் சென்ற கலம்காரித் துணிகளை அருங்காட்சியகங்களில் பார்த்தால், சிவப்புப் பூவின் இதழுக்குள் முடியளவு மெல்லிய வெள்ளை நரம்புகள் ஓடுவதைக் காணலாம். அவை வெள்ளை வண்ணத்தால் வரைந்தவை அல்ல. சிவப்பைப் பிடிக்கச் செய்யும் படிகார நீரைப் பூசுவதற்கு முன்பு, உருக்கிய தேன்மெழுகால் துணியில் கோடு இழுத்து, அந்த இடத்தில் சாயம் ஏறாமல் தடுத்திருக்கிறார்கள். நீலம் வேண்டியபோது, நீலம் ஏற வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் தோய்த்திருக்கிறார்கள். சாவகத்தின் (இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு) பத்திக் கலையிலும் வெளிர் நிறத்தில் தொடங்கி, காக்க வேண்டியதை மெழுகால் மூடி, அடுத்த ஆழ்ந்த நிறத்தில் தோய்ப்பதுதான் அடிப்படை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியில் சென்னையை ஒட்டிய இஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமத்தின் கலைஞர்கள் பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றே தங்கள் வாழ்க்கைக்கும் ஓவியத்துக்கும் வழி தேடினார்கள் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. பூவை மெழுகால் வரைவது நம் கரைக்குப் புதிதல்ல.

இனி செங்காந்தளுக்கு வருவோம். பூவைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. மொட்டு விரியும்போது இதழ்கள் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். பிறகு நுனியிலிருந்து சிவப்பு ஏறும். நாள் ஆக ஆகப் பூ முழுவதுமே சிவந்துவிடும். நீங்கள் விரும்பும் மஞ்சள் ஓரம் இடைப்பட்ட நிலையில்தான் தெளிவாக இருக்கும். ஆகவே முற்றிச் சிவந்த பூவை விட்டுவிட்டு, அடியிலும் ஓரத்திலும் மஞ்சள் தங்கியிருக்கும் பூவைப் பாருங்கள். கொய்தால் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். கிழங்கு உட்பட அந்தச் செடியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை கொண்டவை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைக் குவளையில் வைத்துவிட்டு நகர வேண்டாம்.

ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து மேலே எழும்பி நிற்கும். ஆறு மகரந்தத் தாள்கள் கீழே நாலாபுறமும் விரியும். சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீளும். முதலில் இந்த எல்லாப் பகுதிகளின் மேலும் எலுமிச்சை மஞ்சளைத் தெளிவாகப் பூசுங்கள். தாள்களுக்கும் சூல்தண்டுக்கும் அதில் சிறிது பச்சையைக் கலந்துகொள்ளலாம். முழுவதும் காயட்டும். ஈரம் இருக்கும்போது மெழுகு காகிதத்தில் பிடிக்காது. மழைக்காலத்தில் காகிதம் காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும் என்பதால், புறங்கையை வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மெழுகுவத்தியின் சீவிய முனையால் இதழ்களின் நெளிந்த ஓரத்தை மட்டும் இழுங்கள். இங்கே கை நேராகப் போகக் கூடாது. ஓரம் மேலே திரும்பும் இடத்தில் அகலமாகவும், மறையும் இடத்தில் மெல்லிதாகவும் வர வேண்டும். மகரந்தத் தாள்களின்மேலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

அடுத்தது சிவப்பு. இதழின் நுனியில் அடர்த்தியாகத் தொடங்கி, அடிப்பகுதியை நோக்கி வரும்போது தூய நீரால் இழுத்து மங்கச் செய்யுங்கள். அடியில் மஞ்சள் இருப்பதால் இடையில் ஆரஞ்சு நிறம் தானாகவே பிறக்கும்; அதைத் தனியாகக் கலந்து பூச வேண்டியதில்லை. மெழுகு பட்ட ஓரம் மஞ்சளாகவே நிற்கும். சிவப்பு காய்ந்த பிறகு, இதழின் முதுகில் மினுக்கம் தெரியும் இடங்களில் மீண்டும் மெழுகை மெல்லிதாகத் தேய்த்து, வளைவின் உட்புறத்தில் ஆழ்ந்த கிரிம்சனை ஓட விடலாம். இந்த மூன்றாவது அடுக்கில்தான் இதழ் சுருண்டு எழும். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு கூடக் கூடக் காகிதத்தில் வண்ணம் ஏறும் இடம் குறைந்துகொண்டே போகும்.

கடைசியாகப் பின்னணிப் பச்சை. சிவப்பின்மேல் பச்சை ஏறினால் அந்த இடம் கறுத்துப் பழுப்பாகிவிடும் என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. செங்காந்தளில் இதற்கான காவலை அந்தப் பூவே தந்துவிடுகிறது: இதழைச் சுற்றி மஞ்சள் ஓரம் மெழுகுக்கு அடியில் இருப்பதால், பச்சையை அந்த ஓரம்வரை தாராளமாகக் கொண்டுவரலாம். பச்சைக்குக் குறுக்கே நீளும் மகரந்தத் தாள்களையும் சுற்றிச் சுற்றி வர வேண்டியதில்லை. தூரிகை அவற்றின்மேல் போகட்டும், மெழுகு அவற்றைக் காக்கும். இலை நுனிகள் பற்றுக்கம்பிகளாகச் சுருள்வதையும் இதே முறையில், வெளிர்ப்பச்சைப் பூச்சின்மேல் மெழுகுக் கோடாக இழுத்துக் காத்துவிடலாம். அந்தச் சுருள்களைத் தூரிகையால் விட்டு விட்டுப் பூசுவது மிகக் கடினம். மெழுகில் ஒரே வீச்சில் வந்துவிடும்.

---

மலர்வரைஞர்

உங்கள் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நிழலை முதலில் பூசி, அதன்மேல் நிறமற்ற மெழுகைத் தேய்க்கலாம் என்பது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. வேலை முடிந்த பிறகு மெழுகைக் காகிதத்திலிருந்து நீக்க வேண்டுமா? இஸ்திரிப் பெட்டியால் நீக்கலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அடுத்ததாக, ஆயில் பேஸ்டலும் நீரில் கரையும் கிரேயானும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை இதற்குப் பயன்படுத்தலாமா?

---

நீர்த்தூரிகை

நீரில் கரையும் கிரேயானை மட்டும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். கேரன் டாஷ் நிறுவனத்தின் நியோகலர் வரிசையிலேயே முதல் வகை நீரில் கரையாத மெழுகு, இரண்டாம் வகை நீரில் கரைவது. பெட்டியில் இருக்கும் எண்ணைப் பார்க்காமல் எடுத்தால், வண்ணத்தைத் தடுக்க வேண்டிய கோடு வண்ணத்தோடு சேர்ந்து ஓடிவிடும். ஆயில் பேஸ்டல் நன்றாகத் தடுக்கும். அதில் மெழுகோடு உலராத எண்ணெயும் இருப்பதால் மென்மையாக இருக்கும். சொரசொரப்பான காகிதத்தின் பள்ளங்களிலும் மெழுகைவிட நன்றாக இறங்கும். வெளிர்மஞ்சள், இளஞ்சிவப்பு ஆயில் பேஸ்டலால் இதழின் நரம்புகளை நிறத்தோடு வரைந்து அதன்மேல் நீர்வண்ணம் பூசுவது செம்பருத்திக்கும் தாமரைக்கும் மிக அழகாக வரும். ஆனால் அது முழுமையாக உலர்வதே இல்லை. படத்தை அடுக்கி வைக்கும்போது இடையில் பட்டர் பேப்பர் வைக்காவிட்டால் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும்.

மெழுகை நீக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நான் நீக்குவதில்லை. அச்சிடாத உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில் படத்தை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மெழுகு உருகித் தாளில் ஏறும் என்பது உண்மைதான். ஆயினும் முழுவதும் வெளியேறாது. ஒரு பகுதி காகிதத்தின் இழைகளுக்குள் இறங்கி, அந்த இடத்தை எண்ணெய்க் கறைபோல ஒளி ஊடுருவும்படி ஆக்கிவிடும். நீங்கள் காத்து வைத்த தூய வெள்ளை அதனால் மங்கிவிடும். துணியில் கொதிநீரில் மெழுகை நீக்குவதுபோலக் காகிதத்தில் செய்ய இயலாது. தடிப்பாகப் படிந்த மெழுகு கண்ணை உறுத்தினால், மழுங்கிய கத்தியின் முனையால் மேலாகச் சுரண்டி எடுத்தால் போதும். இதே காரணத்துக்காகவே, அடுக்குகளுக்கு இடையில் ஹேர் டிரையரைப் பயன்படுத்தினால் சூடில்லாத காற்றை மட்டும் விடுங்கள். பாரஃபின் மெழுகில் பல வகைகள் 50 டிகிரி செல்சியஸ் கடந்ததுமே உருகத் தொடங்கும்.

---

கிழக்குக்கடற்கரை

நீக்காமல் விட்ட மெழுகைப் பற்றி ஒரு சொல் சேர்க்கிறேன். சட்டமிடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி, இரண்டுக்கும் நடுவில் மவுன்ட் அட்டையால் இடைவெளி விடச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் வெயில் காலத்தில் மெழுகு கண்ணாடியில் ஒட்டும். மதிய வெயில் விழும் சுவரிலும், அடுப்படியை ஒட்டிய சுவரிலும் இந்தப் படங்களை மாட்ட வேண்டாம். சில காலம் கழித்துக் கிரேயான் பட்ட இடங்களில் வெண்மையான படலம் பூத்தால் அதைப் பூஞ்சை என்று எண்ணி அஞ்ச வேண்டாம். மெழுகில் உள்ள கொழுப்பு அமிலங்கள் மேற்பரப்புக்கு வருவதால் அது தோன்றுகிறது. உலர்ந்த மென்மையான துணியால் மெதுவாக ஒற்றினால் போய்விடும்.

உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசிப் பார்க்கும் ஆசை வந்தால், மெழுகுப் பாத்திரத்தை நேரடியாக நெருப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், அருகிலேயே இருங்கள். தீப்பிடித்தால் தண்ணீரை ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தட்டால் மூடிவிட வேண்டும். செங்காந்தளுக்கு அந்த முயற்சியே தேவைப்படாது. சீவிய மெழுகுவத்தி முனையே போதும்.

---

செம்பருத்தி

மலர்வரைஞருக்கு ஒரு வேண்டுகோள். நந்தியாவட்டையை மீண்டும் வரையும்போது, ஒரே அளவில் வெட்டிய இரண்டு தாள்களை எடுத்து, ஒன்றில் மெழுகையும் மற்றொன்றில் மாஸ்கிங் ஃப்ளூயிடையும் பயன்படுத்தி, ஒரே பூவை ஒரே வெளிச்சத்தில் வரைந்து இரண்டையும் இங்கே பகிருங்கள். இதழ் ஓரத்தைப் பற்றி நீர்த்தூரிகை ஐயா சொன்னதை அருகருகே வைத்துப் பார்க்க நானும் விரும்புகிறேன்.

---

மலர்வரைஞர்

அப்படியே செய்கிறேன். ஹாட் பிரெஸ் தாள் இங்குள்ள கடையில் இல்லாததால் வரவழைக்க வேண்டும். அதுவரை கையில் இருக்கும் கோல்டு பிரெஸ் தாளிலேயே இரண்டு முறைகளையும் செய்து பார்த்துப் படங்களைப் பதிவிடுகிறேன்.